துய்ஷேனுக்குப் போய்ச் சேராத கடிதம்

1

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ரயிலில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்களாக வருமே, அதில் ஒன்றில் இறங்கி அரை மணி நேரம் நடக்கணும். போன வருஷம் எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சந்திப்புக்காக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். பொன்னாடை போர்த்த வேண்டிய ஆசிரியர்களின் பட்டியல் வந்தது. கணக்கு சார், இயற்பியல் சார், இங்கிலீஷ் மிஸ், தலைமையாசிரியர். பதினோரு பேர். அத்தனை பேரும் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் எடுத்தவர்கள்.

“மிலிட்டரி வாத்தியார்?” என்று நான் ஒரு வரி போட்டேன். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. “யாரு, கோட்டா வாத்தியாரா?” என்று ஒருவன் கேட்டான். கேன்டீனில் அவருக்குக் கிடைத்த ரம் பாட்டிலைப் பற்றி இன்னொருவன் கதை சொன்னான். கடைசியில் ஒரு தோழி கேட்டாள்: “அவர் பேர் என்னப்பா? பேர் இல்லாம எப்படிப் பட்டியல்ல போடறது?”

யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஒன்றாம் வகுப்பில் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து மணலில் ‘அ’ போட வைத்தவர் அவர். ராணுவத்திலிருந்து வந்து வாத்தியார் ஆனவர். 62ஆ, 65ஆ, 71ஆ, எந்தச் சண்டையில் இருந்தார் என்று ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஒரு காலைச் சாய்த்துத்தான் நடப்பார். மல்லாட்டை பிடுங்குகிற காலத்தில் வகுப்பு காலியாக இருக்கும். சைக்கிளை எடுத்துக்கொண்டு கொல்லைக்கே வந்து, வரப்பில் நின்றுகொண்டு எங்கள் அம்மாக்களிடம் சண்டை போட்டு, முன்னால் ஒருத்தன் பின்னால் இருவர் என்று ஏற்றிக்கொண்டு போவார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நகைச்சுவைத் துணுக்குகள்.

அன்றைக்கு ராத்திரி அலமாரியைத் துழாவி சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ புத்தகத்தை எடுத்தேன். இருபது வயதில் படித்து அழுத கதை. திரும்பப் படித்தபோது அழுகை வரவில்லை. கூச்சம்தான் வந்தது. இந்தக் கதையை நாம் பாதிதான் படித்திருக்கிறோம் என்று பட்டது. அந்த மறு பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிர்கீசியாவில் குர்குரேவ் என்று ஒரு மலையடிவாரக் கிராமம். 1924இல் துய்ஷேன் என்ற இளைஞன் ராணுவ மேல்கோட்டு போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பி வருகிறான். பள்ளிக்கூடம் நடத்தப் போகிறேன் என்கிறான். மண்ணைக் கொத்திப் பிழைக்கிற நமக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று ஊர் சிரிக்கிறது. குன்றின் மேல் பாழடைந்து கிடந்த குதிரை லாயத்தைத் தனியாளாகச் சுத்தம் செய்து, வைக்கோல் பரப்பிப் பிள்ளைகளை உட்கார வைக்கிறான். குளிர்காலத்தில் உறைபனி ஓடையில் வெறுங்காலோடு இறங்கி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கரை சேர்க்கிறான். குதிரையில் போகிற பணக்காரர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அல்தினாய், தாய் தகப்பன் இல்லாதவள். பதினாலு பதினைந்து வயதில் அவளைச் சித்தி ஒருவனுக்கு இரண்டாம் தாரமாக விற்றுவிடுகிறாள். தடுக்கப் போன துய்ஷேனை அடித்துக் கையை ஒடித்துப் போடுகிறார்கள். ஒடிந்த கையோடு போய்ப் போலீஸைக் கூட்டிவந்து அவளை மீட்கிறான். இரண்டு பாப்ளர் கன்றுகளை அவளோடு சேர்ந்து குன்றில் நட்டவன், அவளை மேலே படிக்க ரயிலேற்றி விடுகிறான். ரயில் நகரும்போது, எதையோ சொல்ல மறந்தவன்போல அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறான்.

நம்மில் பெரும்பாலானோர் இங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறோம். செப்டம்பர் 5 வந்தால் பகிரப்படுவதும் இந்தப் பாதிதான். சோவியத் புத்தகங்கள் நியூ செஞ்சுரி வேன்களில் மலிவாக வந்த காலத்திலிருந்து, தமிழில் ஆசிரியர் கூட்டங்களிலும் அறிவொளிக் காலத்துப் பயிற்சி முகாம்களிலும் இந்தக் கதை சொல்லப்பட்டு வந்திருக்கிறது. தியாகி ஆசிரியர், நன்றியுள்ள மாணவி. ‘மாதா பிதா குரு தெய்வம்’ என்று வளர்ந்த நமக்கு இந்தச் சட்டகம் ரொம்ப வசதி. தெய்வத்துக்குக் கற்பூரம் காட்டினால் போதும். அது சாப்பிட்டதா, முதுமையில் யார் வீட்டில் இருக்கிறது என்றெல்லாம் விசாரிக்க வேண்டியதில்லை.

3

ஆனால் ஐத்மாத்தவ் கதையை 1924இல் தொடங்கவில்லை. பல வருஷம் கழித்து, அதே ஊரில் கட்டிய புதிய பள்ளியின் திறப்பு விழாவில் தொடங்குகிறார். அல்தினாய் இப்போது மாஸ்கோவில் பெரிய தத்துவ அறிஞர், கௌரவ விருந்தினர். விருந்து நடந்துகொண்டிருக்கும்போது பழைய மாணவர்கள் அனுப்பிய வாழ்த்துத் தந்திகளைத் தபால்காரக் கிழவர் குதிரையில் கொண்டுவருகிறார். கூட்டத்தில் படிக்கணுமே என்று அடித்துப் பிடித்து ஓட்டி வந்திருக்கிறார். உள்ளே கூப்பிடுகிறார்கள். இன்னும் கடிதங்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி அவர் போய்விடுகிறார். அந்தத் தபால்காரர்தான் துய்ஷேன்.

அவர் போனதும் மேசையில் பேச்சு கிளம்புகிறது. துய்ஷேனின் மொத்த வாழ்க்கையும் அங்கே இரண்டு மூன்று வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. போருக்குப் போனார், காயம்பட்டார், உக்ரைனில் ஆஸ்பத்திரியில் கிடந்தார், அங்கேயே தங்கிவிட்டார், சாகிறது சொந்த மண்ணில் சாகலாம் என்று சில வருஷம் முன்னால்தான் திரும்பி வந்தார், கடைசிவரை ஒண்டிக்கட்டை. ஒரு விசித்திரமான மனுஷன். அவ்வளவுதான். அப்புறம் ஜோக். அவருக்கே எழுத்து முழுசாகத் தெரியாது, நமக்குச் சொல்லிக்கொடுத்தார் பாருங்கள் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர் நலத்துக்காகக் கோப்பையையும் உயர்த்துகிறார்கள். அல்தினாயின் முகம் சிவக்கிறது. அன்றைக்கே ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள்.

சிரிக்கிறவர்கள் யாரும் கெட்டவர்களாக எழுதப்படவில்லை. அவர்கள் பாசத்தோடுதான் சிரிக்கிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த பொம்மைகளும் அப்படித்தான். பகையோடு சிரித்தால் பதில் சொல்லலாம். பாசச் சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது? அது ஒரு ஆளை மெல்ல மெல்ல ஒரு துணுக்காகச் சுருக்கிவிடும். துணுக்கான ஆளைப் பொன்னாடைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது விஷயம், அவர் போர் வீரர் என்பது. ஹிட்லரின் படையை எதிர்த்துப் போரிட்ட ஒரு தேசத்தின் கதை இது. போர் வீரன் என்றால் சிலை வைத்துக் கொண்டாடிய நாடு. அங்கேயும் துய்ஷேனின் போர் ஒரு வாக்கியம்தான். எங்கே சண்டையிட்டார், என்ன பார்த்தார், ஏன் ஊருக்குத் திரும்பாமல் அத்தனை வருஷம் அங்கேயே இருந்தார் என்று மேசையில் இருக்கும் ஒருவரும் கேட்பதில்லை. நம்மிடமும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் ஏறக்குறைய 25 லட்சம் பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு 62, 65, 71 என்று சண்டைகள். வட தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆள் போயிருக்கிறது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ போல் போரைத் தொட்ட பெரிய நாவல் நம்மிடம் உண்டு. ஆனால் டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பி, வாட்ச்மேனாகவோ வாத்தியாராகவோ இன்னும் ஐம்பது வருஷம் வாழ்ந்த சிப்பாயின் கதை தமிழில் மிகக் குறைவு. நாம் அவரிடம் கேட்டதெல்லாம் கேன்டீன் கார்டைத்தான்.

4

கதாசிரியருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஐத்மாத்தவ் 1928இல் ஷெகெர் என்ற கிராமத்தில் பிறந்தவர். குர்குரேவ் அந்தப் பக்கத்து ஆற்றின் பெயர். அவருடைய அப்பா தோரெகுல் கம்யூனிஸ்ட் கட்சியில் பொறுப்பில் இருந்தவர். 1938இல் ஸ்டாலின் காலத்து வேட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் எங்கே புதைக்கப்பட்டது என்பது 1991இல்தான் தெரியவந்தது. போர் நடந்துகொண்டிருந்தபோது சிறுவன் ஐத்மாத்தவுக்குப் பதினாலு வயது. பெரியவர்கள் எல்லாம் போர்முனையில் இருந்ததால் கிராம சோவியத்தின் செயலாளர் வேலை அவனிடம் வந்தது. போரில் இறந்தவர்களின் சாவுச் செய்தித் தாள்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அந்த வேலையில் ஒன்று.

இது தெரிந்தபின் துய்ஷேனை ஏன் தபால்காரராக்கினார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் தாளோடு நிற்பது எவ்வளவு பாரமான வேலை என்று அந்தப் பையனுக்குத் தெரியும். ஊரில் எல்லோருடைய சந்தோஷத்தையும் துக்கத்தையும் சுமந்துகொண்டு வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போகிற ஒரே ஆள் தபால்காரர்தான். வாத்தியாராக இருந்தபோதும் துய்ஷேன் செய்தது இதையே. எழுத்தைக் கொண்டுவந்து வாசலில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்.

கதை வெளிவந்தது 1962இல். அடுத்த வருஷம் இது அடங்கிய தொகுப்புக்கு லெனின் பரிசு கிடைத்தது. லெனின் படத்தை லாயத்துச் சுவரில் மாட்டிய ஒரு நல்ல கம்யூனிஸ்ட்டின் கதை என்று அரசாங்கம் அதைக் கொண்டாடியது. ஆனால் அந்த நல்ல கம்யூனிஸ்ட்டின் 1937, 38 பற்றிக் கதையில் ஒரு சொல் இல்லை. அப்பாவைப் பறிகொடுத்தவர் எழுதிய கதையில் அந்த வருஷங்கள் மௌனமாகக் கிடக்கின்றன. எழுத முடியாததால் விட்டிருக்கலாம். எப்படியோ, துய்ஷேனின் நீண்ட ஆயுளில் விழுந்த ஓட்டைகளில் இதுவும் ஒன்று.

1965இல் ஆந்திரேய் கொஞ்சலோவ்ஸ்கி இதைத் தன் முதல் படமாக எடுத்தார். முரட்டுத்தனமான, அழகான படம். அதில் கிழவர் துய்ஷேன் கிடையாது. திறப்பு விழாவும் தபாலும் சிரிப்பும் கிடையாது. இருபதுகளோடு படம் முடிந்துவிடுகிறது. படத்தில் துய்ஷேன் முன்கோபக்காரர், பிடிவாதக்காரர், அதனால் கதையில் இருப்பவரைவிட ரத்தமும் சதையுமாக இருக்கிறார். ஆனாலும் என் ஓட்டு கதைக்குத்தான். இளமையில் வீரனாக இருப்பதைக் காட்டுவது சினிமாவுக்குச் சுலபம். அதற்கப்புறம் நாற்பது வருஷம் யாரும் கண்டுகொள்ளாமல் வாழ்ந்ததை ஒரு தபால் பையை வைத்துக் காட்டிவிட்டது கதை.

5

இனிதான் என் குற்றச்சாட்டு. கதையின் பெரும்பகுதி அல்தினாய் எழுதிய கடிதம். குற்ற உணர்ச்சியில் எல்லாவற்றையும் கொட்டுகிறாள். அந்த மேசையில் கௌரவ விருந்தினராக உட்கார வேண்டியவர் துய்ஷேன்தான், நான் இல்லை என்று புரிந்துகொண்டவள். ஊருக்கு வந்து புதிய விடுதிப் பள்ளிக்கு ‘துய்ஷேன் பள்ளி’ என்று பெயர் வைக்கச் சொல்வேன் என்கிறாள். உருக்கமான கடிதம்தான்.

ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது? அதே ஊரிலிருந்து படித்து வெளியேறிய ஓர் ஓவியருக்கு. துய்ஷேனுக்கு அல்ல.

படிப்பால் மேலே வந்த ஒருத்தி, படிப்பால் மேலே வந்த இன்னொருவரிடம் பாவமன்னிப்புக் கேட்கிறாள். ஓவியரும் இதை எப்படி வரைவது என்று யோசிக்கிறார். இரண்டு மரங்களை வரையலாமா, ஓடையில் குழந்தையைத் தூக்கிப் போவதை வரையலாமா, ரயில் நிலையத்தில் கத்துவதை வரையலாமா? கவனித்தீர்களா, அவர் யோசிக்கிற காட்சிகளிலும் இளைஞன் துய்ஷேன்தான் முன்னால் வந்து நிற்கிறான். இந்தச் சமயத்தில் துய்ஷேன் என்ன செய்துகொண்டிருக்கிறார்? அடுத்தவர் கடிதங்களை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தன்னைப் பற்றி எழுதப்பட்ட கடிதம் மட்டும் அவர் பைக்குள் வரவில்லை.

அல்தினாய்க்கு நியாயம் இல்லாமல் இல்லை. மாணவியாக இருந்தபோது தன் காதலைச் சொல்லி அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவர் பதில் போடவில்லை. படிப்புக்குக் குறுக்கே வரக்கூடாது என்று நினைத்திருக்கலாம் என்று அவளே சொல்கிறாள். போர் முடிந்தபின் ஒருநாள் சைபீரியாவில் ஓடுகிற ரயிலிலிருந்து வழிகாட்டிக் கம்பத்தருகே நிற்பவரைத் துய்ஷேன் என்று நினைத்து, சங்கிலியை இழுத்து இறங்கி ஓடுகிறாள். அது வேறு ஆள். போரில் புருஷனையோ அண்ணன் தம்பியையோ இழந்தவள் போல என்று மற்றவர்கள் பரிதாபப்படுகிறார்கள். தமிழில் நான் படித்த மொழிபெயர்ப்புக் கதைகளில் மறக்கவே முடியாத காட்சி இது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தப்பான ஆளுக்காக ஓடுகிற ரயிலை நிறுத்தியவள், சரியான ஆள் குதிரையில் வாசல்வரை வந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து போகவில்லை.

இந்த முரண்தான் கதையின் உயிர் என்று நினைக்கிறேன். கற்பனையில் இருக்கிற ஆசிரியருக்காக உயிரைக் கொடுப்போம். முதுமையும் தூசியுமாக வாசலில் வந்து நிற்கிறவரிடம் போக நமக்குக் கால் வராது. ஏனென்றால் அவர் முன்னால் நின்றால் நாம் எங்கிருந்து வந்தோம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். லாயத்தில் படித்தவள் என்று தெரிந்துவிடும். ஐத்மாத்தவ் இதைத் தெரிந்தே எழுதினாரா, கடித உத்தி தானாகவே இதைக் காட்டிக்கொடுத்துவிட்டதா என்பது எனக்கு முக்கியமில்லை. கதையில் இருக்கிறது. நாம்தான் கண்ணீரில் அதைப் பார்க்காமல் விட்டோம்.

6

இதெல்லாம் கிர்கீசியக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 71.88 சதவீதம். மாநில சராசரி 80.09. அன்றைக்குத் தமிழ்நாட்டில் கடைசி வரிசையில் இருந்த மாவட்டங்களில் ஒன்று. அதாவது, இங்கே இன்னும் முதல் ஆசிரியர்கள் தேவைப்படுகிற வீடுகள் இருக்கின்றன. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தது மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபர் 27 அன்று. மாசம் 1,000 ரூபாய்க்குச் சாயங்காலத்தில் தெருத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். பி.எட். முடித்தவர்களும் உண்டு, பிளஸ் டூ முடித்தவர்களும் உண்டு. “அவங்களுக்கே ஒழுங்காத் தெரியாது, இவங்க சொல்லித்தரப் போறாங்களாம்” என்ற பேச்சு அப்போது என் காதிலேயே விழுந்தது. குர்குரேவ் மேசையில் கேட்ட அதே வாக்கியம்!

திண்டிவனம் என்றதும் பேராசிரியர் பிரபா கல்விமணியை நினைக்காமல் இருக்க முடியாது. கல்லூரியில் பாடம் எடுத்தவர், இருளர் மக்களோடு பல பத்தாண்டுகளாக நிற்பவர். 2021இல் ‘ஜெய் பீம்’ வந்தபோது நடிகர் சூர்யா இருளர் கல்வி அறக்கட்டளைக்கு 1 கோடி ரூபாய் கொடுத்தார், எல்லோரும் பார்த்தோம். அதற்கு முன்னால் இருந்த வருஷங்களைப் பார்த்தவர்கள் குறைவு. ஓர் இருளர் பிள்ளை பிளஸ் டூ முடித்தபின் மேலே படிக்க வேண்டுமென்றால் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதற்குக் கோட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். கூட ஒருவர் போக வேண்டும். துய்ஷேன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய உறைபனி ஓடை நம் ஊரில் இந்த அலுவலக வராந்தாதான். அங்கே பாடம் தெரிந்திருப்பது இரண்டாம் பட்சம். கால் நனையத் தயாராக இருக்கணும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். விழுப்புரம் அரசு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த த. பழமலய் 1988இல் ‘சனங்களின் கதை’ வெளியிட்டார். குழுமூரில் பிறந்தவர். அந்தத் தொகுப்பின் பெரிய காரியம் என்று நான் நினைப்பது, தன் சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் பெயரோடும் ஊரோடும் கவிதைக்குள் கூட்டிவந்தது. ஒரு வாத்தியார் தன் சனங்களுக்குச் செய்த மரியாதை அது. குர்குரேவிலும் பெயரின் கதை விசித்திரமாக இருக்கிறது. பள்ளி இருந்த குன்றை ஊரில் பெரியவர்கள் ‘துய்ஷேன் பள்ளி’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். லாயம் எப்போதோ மண்ணாகிவிட்டது. பெயர் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் தலைகீழ். ஆளை ஞாபகம் இருக்கிறது, பெயர் இல்லை.

7

குழுவில் கேட்டதற்குப் பத்து நாள் கழித்து ஒரு தம்பி பதில் போட்டான். அவனுடைய அத்தை பழைய சத்துணவு அமைப்பாளர், அவருக்குத் தெரிந்திருக்கிறது. மிலிட்டரி வாத்தியார் உயிரோடு இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. விக்கிரவாண்டி பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். காது சரியாகக் கேட்காது. பெயரையும் எழுதியிருந்தான். பொதுவான, சாதாரணமான பெயர். முப்பத்தைந்து வருஷமாக எனக்குத் தெரியாத பெயர்.

பட்டியலில் பன்னிரண்டாவதாகச் சேர்த்தார்கள். அழைப்பிதழ் அனுப்பியாயிற்று. உடம்பு முடியவில்லை என்று அவர் வரவில்லை. அவர் பங்குப் பொன்னாடை என் வீட்டில் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று நான்தான் வாங்கி வந்தேன். மூன்று மாசம் ஆகிறது. சென்னையிலிருந்து விக்கிரவாண்டிக்கு மூன்று மணி நேரம்தான். போகாததற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. அவர் பெயரை இங்கே எழுதாமல் இருப்பதற்கு மட்டும் ஒரு காரணம் உண்டு. அதை முதலில் அவரிடம்தான் சொல்லணும்.

அல்தினாயைக் குற்றம் சொல்லி இவ்வளவு எழுதியபிறகு ஒன்று உறைக்கிறது. இந்தக் கட்டுரையையும் நான் படித்தவர்களுக்குத்தான் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு. அவரிடம் ஸ்மார்ட்போன் இருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் இந்தப் பத்திரிகையின் பக்கம் அவர் வரப்போவதில்லை. சனிக்கிழமை காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். காது கேட்காதவரிடம் எந்தச் சண்டை, காலில் என்ன ஆச்சு என்று சத்தம் போட்டுத்தான் கேட்கணும். முடியாவிட்டால் ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டலாம். எழுத அவர்தானே சொல்லிக்கொடுத்தார்.